சுண்ணாம்பு கேட்டவள்

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது எனக்கு ஒரு தம்பி பிறந்தான். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சொன்னார். சாயங்காலம் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். அன்று நல்ல மழை. மறுநாளும் மழை. அதற்கப்புறம் ஒரு மத்தியானம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அப்பா முதலில் இறங்கிக் குடையை விரித்தார். அம்மா ஒரு பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கையில் வேறு எதுவும் இல்லை.

அம்மாவின் ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்தது. மழையில் நனைந்தது என்று நினைத்தேன். வீட்டுக்குள் வந்து, மாற்றி உடுத்த பிறகும் அது நனைந்தது.

எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். அழுகை வரும் என்று காத்திருந்தேன். பசிதான் வந்தது. டீச்சர் கொடுத்தனுப்பிய கஞ்சியைக் குடித்துவிட்டு வீட்டுப்பாடம் எழுதினேன்.

டீச்சர் என்பது எங்கள் வீட்டுக்காரம்மா. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மலையாளத்து அம்மாள், தனியாள். கரமனையில் ஆற்றுக்குப் போகும் சந்தில் அவருடைய வீட்டின் பின்பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை. காலையில் போனால் இருட்டின பிறகுதான் வருவார். அப்பாவும் அம்மாவும் நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள். நான் மட்டும்தான் திருவனந்தபுரத்தில் பிறந்தவள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம்.

அம்மா பேசுவதை நிறுத்திவிட்டாள். வேலை எதையும் நிறுத்தவில்லை. சமைத்தாள், துவைத்தாள், எனக்குச் சாப்பாட்டுப் பாத்திரம் கட்டிக் கொடுத்தாள். கேட்டால் "ம்" என்பாள். விழிஞ்ஞத்திலிருந்து மீன் கொண்டு வரும் அம்மாள் கூடையை இறக்கி வைத்து விலை சொன்னால், அதற்கும் "ம்" என்று சொல்லிவிட்டுச் சட்டியை நீட்டுவாள். மற்ற நேரத்தில் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். அலமாரியில் அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்து மடித்து வைத்த துணிகள் அப்படியே இருந்தன.

பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் எல்லோரும் என்னிடம் கேட்டார்கள். அம்மாக்கு எப்படி இருக்கு, கஷ்டமா இருக்கா, சாப்பிடுகிறாளா. பதில் சொல்லி அலுத்துப்போயிற்று. அதனால்தான் நான் பின்பக்க மனைக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே யாரும் கிடையாது.

இடிந்த மதில் ஒன்றைத் தாண்டினால் அந்த மனை. சொந்தக்காரர் வளைகுடாவில் இருந்தார். புல்லும் தொட்டால் சுருங்கும் தொட்டாவாடியும் மண்டிக்கிடந்த இடத்தின் நடுவில் பெரிய ஏழிலைப்பாலை மரம் ஒன்று. டீச்சர் முன்பே என்னை எச்சரித்திருந்தார்.

"மோளே, அங்ஙோட்டு போகருது கேட்டோ. ஆ பாலையில் யட்சி உண்டு. பண்டு ஒரு மந்திரவாதி ஆணி அடிச்சு நிறுத்தியதா. ஆணி அவிடெ உள்ளவரை அவள்க்கு எங்ஙும் போகான் பற்றில்ல."

முன்னொரு காலத்தில் ஒரு மந்திரவாதி அடித்த அந்த ஆணி இருக்கும்வரை யட்சியால் அந்த மரத்தை விட்டுப் போக முடியாதாம். வழியில் தனியாகப் போகிறவர்களைச் சுண்ணாம்பு கேட்டு நிறுத்துவாள், கூட்டிக்கொண்டு போய் ரத்தம் குடிப்பாள், காலையில் முடியும் நகமும்தான் மிஞ்சும். இதெல்லாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்ததுதான்.

ஐப்பசியில் பாலை பூத்திருந்தது. தலைவலி வருகிற மாதிரி வாசனை. நான் பையை மதில்மேல் வைத்துவிட்டு மரத்தடிக்குப் போனேன். அவள் வேரில் உட்கார்ந்திருந்தாள்.

இதைப் படிக்கிறவர்கள், தனியாக இருந்த குழந்தை மனதுக்குள் உண்டாக்கிக்கொண்டது என்பார்கள். இருக்கலாம். நான் பார்த்தேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

பழுத்துப்போன வெள்ளை முண்டும் மேலே நேரியதும் உடுத்திருந்தாள். முடி அவிழ்ந்து தரையில் கிடந்தது, அதில் சருகுகள். கோரைப்பல் எதுவும் தெரியவில்லை. கிழக்கேகோட்டையில் வெகுநேரம் பஸ்ஸுக்கு நின்று அலுத்துப்போன பெண்ணைப்போல இருந்தாள். பாதம் மட்டும் துளி மண் ஒட்டாமல் சுத்தமாக இருந்தது. அவள் தலைக்கு மேலே மரத்தில் அந்த ஆணி. தலை பெரிதாக, துருப்பிடித்து, சுற்றிலும் பட்டை வீங்கியிருந்தது.

"சுண்ணாம்பு உண்டோ?" என்றாள்.

"இல்ல" என்றேன்.

"ம். ஆரும் கொண்டு வரணில்ல."

கோபமாகச் சொல்லவில்லை. நான் கொஞ்ச நேரம் நின்றேன். பயம் வரும் என்று பார்த்தேன். அதுவும் வரவில்லை. பிறகு அவளுக்குப் பக்கத்து வேரில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

அப்படித்தான் பழக்கமானது. பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய்விடுவேன். அவள் பேசுவது மலையாளம், அதுவும் எனக்குப் பாதி புரியாத பழைய மலையாளம். நான் பாதி தமிழில் பதில் சொல்வேன். நான் பாடத்தை வாசிக்கும்போது உச்சரிப்பைத் திருத்துவாள். எங்கள் வீட்டுக் குக்கர் விசிலடித்தால் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்ப்பாள்.

"அது எந்தா?"

"சோறு வேவுது."

"சோறு வெந்தா கூவுமோ?"

"ஆமா, இப்பம் அப்படித்தான்."

டீச்சர் வீட்டு டிவியில் சாயங்காலம் தொடர் ஓடும். சத்தம் இங்கே வரை கேட்கும். யட்சிக்கு அந்தக் கதை முழுக்கத் தெரியும். அதில் வருகிறவர்களைக் குரலை வைத்தே சொல்லிவிடுவாள். ஒருவர் முகத்தையும் பார்த்ததில்லை. அந்த மூத்த மருமகள் அழகா என்று என்னிடம் கேட்டாள். சுமார்தான் என்றேன். அவளுக்கு அது திருப்தியாக இருந்தது.

ஒருநாள் கேட்டேன். "நீ ரத்தம் குடிப்பியா?"

"பண்டு."

"இப்பம்?"

"இப்போ ஆரு வருணு இவிடெ?" என்றாள்.

சந்து முனைப் பெட்டிக்கடையில் சுண்ணாம்பு வாங்கினேன். கடைக்காரர் ஒரு வெற்றிலைத் துண்டில் தடவிக் கொடுத்தார். அவள் வெற்றிலையைத் திருப்பித் தந்துவிட்டு சுண்ணாம்பை மட்டும் விரல் நுனியில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாக்கில் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அடிக்கடி வாங்கிக் கொடுத்தேன்.

அவள் மற்றவர்கள் கேட்டதை ஒருபோதும் கேட்கவில்லை. நானாகத்தான் ஒருநாள் சொன்னேன்.

"எனக்குத் தம்பி பொறந்தான். செத்துப்போனான்."

"பேரு இட்டோ?"

"இல்ல."

"ம்" என்றாள். அம்மா சொல்கிற மாதிரியே இருந்தது அது.

மார்கழி வாக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பெட்டிக்கடைக்குப் போயிருந்தார். திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டார். அம்மா அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"மக்களே, நீ கடையில சுண்ணாம்பு வாங்குதியாமே? அப்பாக்குன்னு சொன்னியாம். நான் எப்பம் வெத்தில போட்டேன்?"

"எனக்கில்லப்பா. பாலை மரத்துல ஒரு அக்கா உண்டு. அவளுக்கு."

"எந்த அக்கா?"

"யட்சி."

அப்பா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு மதிலைத் தாண்டிப் போய், மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். "அங்க ஒருத்தரும் இல்ல. இனிமே போவாத, கேட்டியா. பாம்பு கிடக்கும்" என்றார்.

தேங்காய் துருவுகிற சத்தம் நின்றிருந்தது. அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"எப்படி இருப்பா?" என்று என்னிடம் கேட்டாள்.

அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். தம்பி பிறந்த ஆடியிலிருந்து அம்மா எங்களிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"முடி நீளமா இருக்கும். வெள்ள முண்டு உடுத்திருப்பா. பாவம்" என்றேன்.

அம்மா அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். மறுநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது தலை வாரிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். "வா, போவம்" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு மதிலைத் தாண்டினாள்.

யட்சி வழக்கமான வேரில் இருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். சுண்ணாம்பு கேட்கவில்லை. அம்மாவும் அசையாமல் நின்றாள். பிறகு மெதுவாக என்னிடம் குனிந்தாள்.

"இடுப்புல பிள்ள இருக்குல்லா?"

நான் பார்த்தேன். யட்சியின் இடுப்பில் எதுவும் இல்லை.

"இல்லயே."

"நீ செரியாப் பாக்கல. நல்லாப் பாரு. அப்பாக்க நெத்திதான்."

நான் மறுபடி பார்த்தேன். வேர் இருந்தது, சருகு இருந்தது, ஆணி இருந்தது. அவளைக் காணோம். அம்மா தரையில் உட்கார்ந்து எதிரே இருந்த யாரிடமோ பேசத் தொடங்கியிருந்தாள். பால் குடிச்சானா, வயிறு சரியா இருக்கா என்று கேட்டாள். நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தேன்.

அன்றைக்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

அம்மா தினமும் போனாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் போய், நான் வரும் நேரத்துக்குத்தான் எழுந்து வருவாள். வந்ததும் எனக்குச் செய்தி சொல்வாள். தம்பி குப்புற விழுந்துவிட்டான். கீழ்ப்பல் முளைத்திருக்கிறது. தொட்டாவாடியைத் தொட்டுத் தொட்டுச் சிரிக்கிறான். சொல்லிக்கொண்டே என் தலையைப் பின்னிவிடுவாள். மீன்காரம்மாளிடம் மறுபடி விலை பேச ஆரம்பித்தாள். அலமாரியிலிருந்த துணிகளை எடுத்துத் துவைத்துக் கொடியில் போட்டாள், உலர்ந்ததும் மடித்துத் திரும்ப வைத்தாள்.

நான் என் வீட்டுப்பாடத்தை உள்ளேயே எழுதினேன். அம்மா பேசுவது நல்லதென்று எனக்குத் தெரிந்தது. என்னுடைய சிநேகிதி இப்போது அம்மாவுடைய சிநேகிதி. அதில் எனக்குப் பொறாமைகூட வரவில்லை. குக்கர் விசிலடிக்கும்போது மட்டும் மதில் பக்கம் பார்ப்பேன்.

டீச்சர் இதையெல்லாம் தன் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்பாவிடம் சொன்னார். அப்பா எதுவும் செய்யாததால், மாமா பண்டிகைக்கு வந்தபோது மாமாவிடமும் சொன்னார். மாமா என்பது அம்மாவின் அண்ணன், நாகர்கோவிலில் இருப்பவர். அம்மா மரத்தடிக்குப் போயிருந்த நேரம் பார்த்து அப்பாவை உட்கார வைத்துப் பேசினார். நான் அப்பாவின் பக்கத்தில் இருந்தேன்.

"மாப்பிள, இது விட்டுவைக்கக்கூடிய காரியம் இல்ல. எனக்கு ஒரு ஆளு தெரியும். வந்தாருன்னா இன்னொரு ஆணிய அடிச்சு முழுசா அடக்கிருவாரு. பொறவு தங்கச்சிக்க கிட்ட அது வராது."

அப்பா செய்தித்தாளை மடித்துக்கொண்டே இருந்தார்.

"வேண்டாம் அத்தான்."

"என்ன வேண்டாம்? பைத்தியக்காரி மாதிரி மரத்துக்கிட்ட பேசிட்டு இருக்கா. ஊரு பாக்குது."

"பேசுதா இல்லியா? இத்தன மாசமா எங்கிட்டப் பேசல, பிள்ளைகிட்டப் பேசல. இப்பம் ராத்திரி நான் வந்தா, தம்பி இன்னது செஞ்சான்னு சொல்லுதா. நான் கேட்டுட்டு இருக்கேன்." அப்பா செய்தித்தாளைக் கீழே வைத்தார். "நானும் அவனச் செரியாப் பாக்கல அத்தான். துணியில சுத்தித்தான தந்தாங்க."

மாமா தன் பையை எடுத்துக்கொண்டார். சாயங்கால பஸ்ஸில் ஊருக்குப் போனார்.

மாசி, பங்குனி போய் வெயில் ஏறியது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். ஒருநாள் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா குழம்பு ஊற்றிவிட்டுச் சொன்னாள்.

"அவன் நடக்கத் தொடங்கிட்டான்."

"அப்படியா" என்றார் அப்பா.

"ஓடுதான். ஆத்தப் பாக்க ஓடுதான். அவளால பின்னால போவ முடியல. ஆணி கெடக்குல்லா. மதில்கிட்ட வந்து நின்னு கூப்பிடுதா, அவ்வளவுதான்."

அப்பா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். பிறகு, "தனியாப் போகக்கூடாதுல்லா" என்றார்.

"கூடாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா கடை வரை போய் ஒரு குறடும் சுத்தியலும் கொண்டு வந்தார். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு மதிலைத் தாண்டினார். அம்மா பின்னால் போனாள். நான் மதில்மேல் உட்கார்ந்துகொண்டேன். டீச்சர் ஜன்னலைத் திறந்து, "எந்தா ஈ காணிக்குந்நது? அய்யோ, ஆணி எடுக்கல்லே!" என்று ஆணியை எடுக்க வேண்டாமெனக் கத்தினார். அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஆணி சுலபத்தில் வரவில்லை. பட்டை அதன் தலையைப் பாதி விழுங்கியிருந்தது. அப்பா சுத்தியலால் பட்டையைத் தட்டித் தட்டி விலக்கினார். குறடு இரண்டு தடவை வழுக்கி அவர் கையில் கீறியது. பாத்திரக் கடையில் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறவர், இந்த மாதிரி வேலை பழக்கமில்லாதவர். முதுகெல்லாம் வியர்வை. ஒரு காலை மரத்தில் ஊன்றிக்கொண்டு இழுத்தபோது ஆணி பிடுங்கிக்கொண்டு வந்தது. அப்பா பின்னால் போய்ப் புல்லில் விழுந்தார்.

மரத்தில் ஆணி இருந்த இடத்திலிருந்து பால் வந்தது. பாலை மரத்தில் எங்கே கீறினாலும் பால் வரும். வெள்ளையாக, கெட்டியாக, பட்டை வழியே ஒழுகிக் கீழே இறங்கியது. நிற்கவில்லை.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கையை வைத்து அடைத்தாள். விரல்களின் இடுக்கில் வழிந்தது. அப்போதுதான் அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் அது அழுகை என்று எனக்குத் தெரியவில்லை. அதுவரை நான் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. அப்பா எழுந்து போய் அவளைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அந்த மரத்தடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்கள். டீச்சர் ஜன்னலைச் சாத்தவில்லை. அவரும் அங்கேயே நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் மதில்மேல் இருந்தேன். என்னைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. அவர்கள் மறந்துவிட்டார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை. கீழே எறும்பு வரிசை போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெகுநேரம் கழித்து அம்மா எழுந்து வந்தாள். புடவையிலும் கையிலும் பிசின் மாதிரி பால் ஒட்டியிருந்தது.

"போயிட்டாங்க" என்றாள் என்னிடம்.

"ரெண்டு பேருமா?"

"ஆமா. அவன் கையப் பிடிச்சிட்டுப் போனா."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலயே."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும், யட்சியை முதலில் கண்டது நான் என்று. பிறகு, "வா, குளிச்சிட்டு சாப்பிடுவம்" என்று என்னை மதிலிலிருந்து இறக்கிவிட்டாள்.

அதன்பிறகு அம்மா அந்தப் பக்கம் போகவில்லை. நான் போனேன். விடுமுறை முடியும்வரை போய் அந்த வேரில் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் வீட்டுத் தொடரைக் கேட்டேன். மூத்த மருமகள் வீட்டை விட்டுப் போய்விட்டாள். இதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. சந்து முனையிலிருந்து சுண்ணாம்பு வாங்கி வந்து வேரில் வைத்தேன். மறுநாள் அது காய்ந்து வெடித்து அப்படியே இருந்தது. பிறகு நானும் போவதை நிறுத்தினேன்.

நாங்கள் இன்னும் சில வருடங்கள் அதே வீட்டில் இருந்தோம். நான் கல்லூரிக்குப் போன காலத்தில் மனைக்காரர் திரும்பி வந்து ஃபிளாட் கட்டினார். மரத்தை வெட்டிய அன்று எனக்குப் பரீட்சை. அம்மா வீட்டில்தான் இருந்தாள். சாயங்காலம் கேட்டபோது, "ஒரே தூசி. துணியெல்லாம் மறுபடி துவைச்சேன்" என்றாள். அந்த மரத்தைப் பற்றி எங்களுக்குள் அதற்கு மேல் பேச்சு வந்ததில்லை. எனக்கு வேறு தம்பி தங்கை பிறக்கவுமில்லை.

ஆனால் ஆணி பிடுங்கிய அந்த வருடம் ஜூன் மாதம் நடந்த ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் திறக்கும் முன் எனக்குக் குடை வாங்க அம்மா சாலைக் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் கடைத்தெருவுக்கு வந்தது அப்போதுதான். அப்பாவின் கடைக்கு எதிர்வரிசையில் திருநெல்வேலிக்காரர் ஒருவரின் குடைக்கடை. அவர் ஊரிலிருந்து புதிதாக வந்தவர், எங்களைப் பற்றித் தெரியாதவர். பூப்போட்ட குடைகளை எடுத்துப் போட்டுக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"ஒரே பிள்ளையா, அக்கா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"ரெண்டு" என்றாள் அம்மா. "இவ மூத்தவ. இளையவன் பையன்."

"அவனக் கூட்டிட்டு வரலியா?"

"அவன் இறந்துட்டான்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். கடைக்காரர் கையில் எடுத்த குடையுடன் நின்றுவிட்டார். அம்மா அதை வாங்கி விரித்து, கம்பிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். ஒரு கம்பி தொளதொளவென்று இருந்தது.

"இது வேண்டாம். வேற காட்டுங்க" என்றாள்.

அவர் நீல நிறத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வெளியே மழை பிடித்துவிட்டது. அம்மா அந்தக் குடையை எனக்கு விரித்துப் பிடித்தாள். நாங்கள் தெருவைக் குறுக்கே கடந்து அப்பாவின் கடைக்குப் போனோம்.